சலவைக் கூடை

ஒரு நடைக்கு ஒன்றரை லீரா.
புஜத்தில் சிவப்புப் பட்டை, அதில் என் எண், நாற்பத்தொன்று.
கூடையில் முப்பது கிலோ கரி,
கரிக்கு மேல் ஒரு டின் ஆட்டுக்கொழுப்பு,
அதற்கும் மேல், துணியில் சுற்றி, என் பங்குச் சோளக்களி.
குண்டு சுமக்கிற பெண்கள் முன்னால் போவார்கள்.
டிராகனுக்குத் தீனி சுமக்கிற நாங்கள்
பனியில் அவர்கள் மிதித்த குழிகளிலேயே கால் வைத்துப் பின்னால்.
மென்யா ஏறிக்கொண்டே காலுறை பின்னுவாள்.
உச்சிக்குப் போவதற்குள் ஒரு குதிகால் முடிந்திருக்கும்.

ராணுவம் அவளை ஏழு என்று எழுதியிருந்தது.
கார்னியாவில் நாங்கள் ஸ்கூரே என்போம். கறுப்பி.
இடது இறக்கையில் தார்ப்பாய் வைத்துத் தைத்த ஒட்டு;
முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவன் கிழித்தது.
அவனும் வியன்னாவில் யாருடைய பேரேட்டிலோ ஓர் எண்தான்.
போருக்கு முன்பே அவளைத் தெரியும்.
புல்லறுப்பு நாட்களில் ஆண்டுக்கோர் ஆடு தூக்கிப் போவாள்,
ஓநாய் என்று நாங்கள் கணக்கு எழுதிக்கொள்வோம்.
வரி வசூலிக்க வருபவனிடம்
எதையெல்லாமோ சொல்லவேண்டியிருக்கிறது.

மார்ச்சில் பறக்க மறுத்தாள்.
கேப்டன் பெனுஸ்ஸி தீனியைப் பாதியாக்கினார்.
உதினேயிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார்,
குதிரை மட்டுமே அறிந்தவர்,
குகை வாசலில் நின்றபடியே
"சோம்பல்" என எழுதிக் கையெழுத்திட்டு இறங்கிப் போனார்.
எனக்கு ஒரே பார்வை போதும்.
நான்கு பெற்றவள் நான், தங்கியது ஒன்று.
அடிவயிற்றை உலகத்துக்குக் காட்டாத அந்தப் படுக்கை
எந்த உடம்பிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அவளைப் பார்த்துக்கொள்கிற நிக்கோதேமோ,
தெற்கே பசிலிகாத்தாவில் ஆடு மேய்த்த பையன்,
கரியை எண்ணுவதுபோல் குனிந்து சொன்னான்:
தெரிந்துவிட்டது. நாளை எடுத்துப் போகிறார்கள்.
தூரினில் கொதிகலன் வைத்துப் பொரிப்பார்களாம்.
முட்டை போனால் இவள் பறப்பாளாம்.
பிறகு என்னைப் பார்க்காமல்
வாசலுக்குப் போய் முதுகு காட்டி நின்றான்.

கரியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.
அவள் கண்ணில் நான் சின்னதாக, கூடையோடு.
நேரமானது. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை வரவில்லை.
தார்ப்பாய் ஒட்டிய இறக்கை மெல்ல மேலே போனது.

இறங்கும்போது எப்போதும் சலவைத் துணி கொண்டு வருவோம்.
சேறும் பேனும், சில சட்டைகளில்
துவைத்தாலும் யாரும் திரும்பக் கேட்காத கறை.
அதற்கடியில் அது.
கரியைவிடக் கனம் குறைவு.
சூடு முதுகெலும்பு வழியே இடுப்புவரை இறங்க,
பாதி வழியில் ஈரச் சட்டைகளிலிருந்து ஆவி கிளம்பியது.

"துணி ஏன் புகைகிறது?" காவலன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.
மென்யா ஊசியை நிறுத்தவில்லை.
"உங்கள் பேன்கள் உள்ளே களி கிண்டுகின்றன. எட்டிப் பாருங்களேன்."
அவன் சிரித்தான். வழி விட்டான்.
வளைவு தாண்டியதும் அவள் மூன்று கண்ணிகளை
உருவி மறுபடி பின்னினாள். கை நடுங்கியிருக்கிறது.

மூன்றாம் நாள் ஸ்கூரே பறந்தாள்.
அவர்கள் கைகாட்டிய திசையில் அல்ல.
இரண்டு பக்கமும் சுட்டார்கள்,
வீழ்த்தியதாக இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டார்கள்.
நிக்கோதேமோவை எங்கே அனுப்பினார்கள் என்று
கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை.

இப்போது குண்டு சுமக்கிறேன். எண் அதேதான்.
தொழுவத்தில், வைக்கோலுக்குள், பசுவின் விலாவை ஒட்டி அது.
பசு முதல் வாரம் உதைத்தது. இப்போது நகர மறுக்கிறது.
நேற்று ராத்திரி உள்ளேயிருந்து தட்டியது.
ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து, இரண்டு.
உள்ளங்கையை ஓட்டின்மேல் வைத்து அழுத்தினேன்.
இரு.
எண் கொடுப்பவர்கள் இன்னும் மேலேதான் இருக்கிறார்கள்.